மாலதிக்காகக் கேட்கிறேன்

தோணிரேவு,
11.1.2025

அன்புள்ள தம்பி பிரகாஷுக்கும் அம்பிகாவுக்கும்,

அக்கா கஸ்தூரி எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கிற காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் ஏரியில் விழுந்து செத்துப் போனது உனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டுப் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கிறது. நீ அங்கே தும்மினால் இங்கே தெருவே, "இன்னா, பிரகாசுக்குச் சளியா?" என்கிறது. மனசில் இருப்பதைச் சொல்ல இதுதான் வழி. செசிலியா அக்கா ஞாயிறுதோறும் நண்டுக்கூடையோடு அம்பத்தூர் வருகிறாரே, காலையில் என் கடிதத்தைக் கொடுப்பார், மதியம் திரும்பும்போது உன் பதிலை வாங்கிக்கொள்வார். காகிதம் கொஞ்சம் நண்டு வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்.

கம்பெனியில் வேலை எப்படி? நிரந்தரம் ஆகுமா? வாடகை எவ்வளவு, தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள், அரிசி, காய்கறி என்ன விலை? ஒன்று விடாமல் எழுது. பெண்களுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கிறது என்றும் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சித்தப்பா மகன் தீனாவுக்குத் தை பிறந்ததும் கல்யாணம். கல்யாணமானால் ஏரியில் வலை போடும் பாடு வரிசையில் பெயர் ஏறவேண்டும். ஒருவர் பெயரை எடுத்தால்தான் இன்னொருவர் பெயர் ஏறும். பையன் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொண்டு திரிகிறான். உன் வீட்டுப் பூட்டையும்தான்.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா

*

அம்பத்தூர்,
19.1.2025

அன்பு அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நாங்கள் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பொங்கலுக்கு வர முடியவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, ஷிப்ட் மாற்றித் தரவில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். மாடியில் ஓர் அறை, அதற்குள்ளேயே அடுப்பு. மூன்று வீட்டுக்கும் ஒரே குளியலறை. வாடகை ஆறாயிரம், கரண்ட் தனி. குடிக்கிற தண்ணீரைக் கேனில் வாங்குகிறோம். ஏரிக்காரன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதா என்று முதல் வாரம் குழாய்த் தண்ணீரைக் குடித்தேன், வயிறு போய்ப் படுத்துவிட்டேன். அரிசி நம் பொன்னேரி விலைதான். மீன் விலைதான் அநியாயம். கண் வெளுத்துப்போன மடவையை இன்று வந்தது என்று சொல்லி என்னிடமே விற்கப் பார்த்தான் ஒருவன். அம்பிகா அவனைத் திட்டிய திட்டு தெரு முழுக்கக் கேட்டது.

இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை, நிலைக்கிற வேலைக்குத்தான் பஞ்சம். கம்பெனி வாசலில் தினம் ஆள் எடுக்கிறார்கள், தினம் ஆளை அனுப்புகிறார்கள். பெண்களுக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங், பள்ளிக்கூடத்தில் ஆயா, அடுக்குமாடிகளில் வீட்டுவேலை என்று கிடைக்கிறது. நானும் பிராங்க்ளின் என்கிற திருநெல்வேலிக்காரரும் கார் கதவுக்கு ரப்பர் போடுகிற இடத்தில் ஒன்றாக நிற்கிறோம். அவர் எனக்கு முன்பே சேர்ந்தவர். எங்கள் ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது, அப்போது ஒருவரை நிரந்தரமாக்குவார்களாம். சூப்பர்வைசருக்கு என் கைவேகம் பிடித்திருக்கிறது.

பிராங்க்ளினிடம் நம் பாடு முறையைப் பற்றிச் சொன்னேன். "ஏரியில மீன் கூடுற எடம் கொஞ்சம், வலை நெறைய. அதனால சீட்டுப் போட்டு வரிசை வெச்சி, இன்னிக்கு நீ நாளைக்கு நான்னு போவோம். கல்யாணமாகி, ஊர்ல அடுப்பெரியற வூட்டுக்குத்தான் அதுல பேரு. ஒருத்தன் முறையில இன்னொருத்தன் வலையை எறக்கமாட்டான்" என்றேன். "எறக்குனா யாரு கேக்கப் போறா?" என்றார். "யாரும் கேக்க வேணாங்க, எறக்கமாட்டோம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என் பெயரைத் தீனாவுக்கே கொடுத்துவிடு. நிரந்தரம் ஆனபிறகு எனக்கு ஏரி எதற்கு?

அன்புத் தம்பி,
பிரகாஷ்

*

தோணிரேவு,
1.2.2025

அன்புள்ள பிரகாஷ்,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். முழங்கால் பரவாயில்லை, உட்கார்ந்து எழும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. தீனா கல்யாணம் நன்றாக முடிந்தது. பெண் லைட்ஹவுஸ் குப்பம், வாய் கொஞ்சம் நீளம், எனக்குப் பிடித்துப்போயிற்று.

பக்கத்து வீட்டு மாலதிக்காக ஒன்று கேட்கிறேன். அந்த பிஸ்கட் கம்பெனியில் நாற்பதை நெருங்கும் பெண்களை எடுப்பார்களா? எட்டாவது வரை படித்தது போதுமா? நின்றுகொண்டு செய்யும் வேலையா, உட்கார்ந்தா? தனியாக இருக்கிற பெண்ணுக்கு அங்கே வீடு கொடுப்பார்களா, ஆம்பிளை இல்லையா என்று கேட்டுக் கதவைச் சாத்துவார்களா? விசாரித்து எழுது. பாவம், ஆசையாகக் கேட்கிறாள்.

உன் பெயரைக் கொடுப்பதைப் பற்றி அவசரப்பட வேண்டாம். முதலில் கையில் காகிதம் வரட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

*

அம்பத்தூர்,
16.2.2025

அன்பு அக்காவுக்கு,

இருவரும் சுகம். நீ கொடுத்தனுப்பிய நண்டை அம்பிகா குழம்பு வைத்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் வாசனை பிடித்துக்கொண்டே மேலே வந்து, வேறெதையோ கேட்டுவிட்டு நின்றார்கள். கிண்ணத்தில் கொடுத்தனுப்பினோம்.

மாலதி அக்கா விஷயம் விசாரித்தேன். நாற்பதுக்குள் இருந்தால் எடுக்கிறார்கள். எட்டாவது போதும், ஆதார் கார்டும் போட்டோவும் வேண்டும். நின்றுகொண்டுதான் வேலை. தலைக்கு வலைக்குல்லாய், கைக்கு உறை. தனிப் பெண்ணுக்கு வீடு கிடைப்பது கஷ்டம், இருவர் சேர்ந்து எடுத்தால் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒன்று புரியவில்லை. மாலதி அக்காவின் வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாரே, அக்கா எப்படித் தனிப் பெண் ஆனார்? சண்டையா? போன மாதம்கூட இருவரும் ஒன்றாகப் பொன்னேரிக்குப் பஸ் ஏறினார்கள் என்று செசிலியா அக்கா சொன்னாரே?

வேலை நன்றாகப் போகிறது.

தம்பி,
பிரகாஷ்

*

தோணிரேவு,
1.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாலதி வீட்டுக் கதையைக் கிளறாதே, அம்பிகாவைத் தவிர யாரிடமும் வாயைத் திறக்காதே. புருஷன் இருந்தாலும் ஒரு பெண் தனியாக இருக்கலாம். அதெல்லாம் உனக்குப் புரியாது.

இன்று ஏரியில் உன் மாமாவின் முறை வந்தது. அவர் கண்ணை மூடி ஏழு வருஷமாகியும் ஊர் அவர் பெயரை எடுக்கவில்லை, நான் இங்கே இருக்கும்வரை அது எனக்குத்தான். பையன்கள் வலை போட்டு என் பங்கைத் தருகிறார்கள். நல்ல பிள்ளைகள், ஒரு நாளும் குறைத்ததில்லை. ஆனால் தோணி வரும்வரை நான் அன்னக்கூடையோடு கரையில் நிற்கவேண்டும். "அக்காவுக்கு எடுத்து வெய்ப்பா" என்று ஒருவன் சொல்வான். அவன் மரியாதையாகத்தான் சொல்கிறான். எனக்குத்தான் அதைக் கேட்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேனோ, விடு.

தலைவர் பச்சைமுத்து உன் பெயரைப் பற்றிக் கேட்டார். சித்திரை முதல் வெள்ளி ஊர்க்கூட்டம், அன்றே சீட்டு. என்ன சொல்லட்டும்?

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

*

அம்பத்தூர்,
23.3.2025

அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்க் கேன் விலை ஐந்து ரூபாய் ஏற்றிவிட்டான். மாடி அறை என்பதால் சாயங்காலமானாலும் சுவரைத் தொட முடியவில்லை. அம்பிகாவுக்குக் கொஞ்சம் தலைசுற்றல், இப்போது சரியாகிவிட்டது.

பெயர் விஷயம் நீயே பார்த்துச் செய்.

பிரகாஷ்

*

தோணிரேவு,
5.4.2025

அன்புள்ள பிரகாஷ்,

நான் சுகம். அம்பிகாவை வெயிலில் வெளியே அனுப்பாதே, மோர் குடிக்கச் சொல்.

கூட்டம் வரும் பதினெட்டாம் தேதி. நாளைக்குப் பிறகு செசிலியா அக்கா இரண்டு ஞாயிறு வரமாட்டார், குருத்தோலையும் ஈஸ்டரும் இருக்கிறது. அதனால் எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமானால் நாளையே எழுதிக் கொடுத்துவிடு. நிரந்தரமாக்கிய காகிதம் வந்ததா என்று நீ எழுதவில்லை. வந்தாலும் எழுது, வராவிட்டாலும் எழுது. எது எழுதினாலும் அக்கா ஒன்றும் சொல்லமாட்டேன்.

எடுத்த பெயரை மறுபடி ஏற்றுவது லேசில்லை. எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டுமோ. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

அக்கா

*

அம்பத்தூர்,
20.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இதைத் தபாலில் போடுகிறேன். கூட்டம் முடிந்துவிட்டது, இனி எழுதி என்ன என்றும் தோன்றுகிறது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வேலை இல்லை அக்கா. பங்குனி பிறந்ததுமே போய்விட்டது.

சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "பிரகாஷ், உன் பேரைக் குடுக்கறேன்" என்றார். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. திரும்பினால் பிராங்க்ளின் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு முன்னால் வந்தவர். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சார், எனக்கு முன்னாடி வந்தவரு இவரு. இது இவரு முறை. என்னோடது அடுத்தது."

சூப்பர்வைசர் என்னையே பார்த்தார். "நெஜமாத்தான் சொல்றியா?" என்றார். ஆமாம் என்றேன். சரி என்று அவர் பெயரை எழுதிக்கொண்டார். நான் விடாமல், "அடுத்த முறை எப்ப சார் வரும்?" என்று கேட்டேன். "அடுத்த முறையா? இன்னா முறை?" என்றார். இரண்டு நாளில் என் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கே முறையே கிடையாது அக்கா. ஒரே ஒரு தடவை மீன் வரும், அவ்வளவுதான்.

அம்பிகா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போது ஒரு கிடங்கில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறேன். உன்னிடம் எப்படிச் சொல்வது? நிரந்தரம், நிரந்தரம் என்று நானே குதித்தேன். தீனாவுக்குக் கொடு என்றும் நானே எழுதினேன். ஆறாம் தேதி செசிலியா அக்கா பதிலுக்காகக் காத்திருந்தார். "எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொல்லுங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் மனசு கேட்காமல் போன் செய்தேன். தீனாதான் எடுத்தான். "அண்ணே, உன் புண்ணியத்துல நாளைக்கு நானும் ஒரு ஆளாயிடுவேன்ணே" என்றான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி சிரிக்கிற சத்தம். அதற்குமேல் என்ன சொல்வேன்? நீ வந்து பேசியபோதும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றே சொன்னேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஏரிதான் வேண்டும் அக்கா. இங்கே வந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. வலை போட்டால் என் கைக்கு என்ன செய்வது என்று தெரியும், இங்கே ஒவ்வொன்றுக்கும் யாராவது சொல்லவேண்டியிருக்கிறது. ஊரை விட்டு வீறாப்பாக வந்தவன் எந்த முகத்தோடு திரும்புவது என்றுதான் இருந்தேன். இப்போது முகம் இருந்தாலும் இடம் இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்னதைத்தான் நீ செய்தாய்.

தம்பி,
பிரகாஷ்

*

தோணிரேவு,
23.4.2025

என் அன்புத் தம்பி பிரகாஷுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ரொம்ப நன்றாக இருக்கிறேன். நீ முதலில் அழுவதை நிறுத்து.

உன் பெயர் அப்படியே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

உனக்கு வேலை போனது எனக்கு முன்பே தெரியும். பங்குனியில் ஒரு புதன்கிழமை நான் அம்பத்தூர் வந்தேன். பிஸ்கட் கம்பெனி வாசலில் போட்டோவும் ஆதாரும் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கிடங்கு வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாய். கம்பெனியில் நிற்கவேண்டிய நேரம் அது. கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிட்டிருந்தால், "நீ இங்க இன்னாக்கா பண்ற?" என்று கேட்டிருப்பாய். டீக்கடை பக்கம் ஒதுங்கி நின்றேன். நீ அந்தப் பக்கம் போனதும் பஸ் ஏறிவிட்டேன். நீ ஒரு திருடன் என்றால் நான் ஒரு திருடி.

ஆமாம், மாலதி நான்தான். உண்மையான மாலதிக்கு ஒன்றும் தெரியாது. அவளும் அவள் புருஷனும் சினிமாவுக்குப் போய் வந்துகொண்டு ஜம்மென்று இருக்கிறார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கூட்டத்தில் நடந்ததைக் கேள். நாங்கள் பெண்கள் வழக்கம்போல் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தலைவர் பச்சைமுத்து, "பிரகாஷ் பேரை எடுத்துட்டு தீனா பேரை ஏத்திடலாமா?" என்றார். நான் எழுந்து நின்றேன்.

"பிரகாஷ் பேரை எடுக்க வேணாம் நைனா. என் வூட்டுக்காரர் பேரை எடுங்க, அதைத் தீனாவுக்குக் குடுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாம்மா சொல்ற? அது உன் சோறாச்சே" என்றார் அவர்.

"எனக்குச் சோறு வேற எடத்துல கெடைச்சிருக்கு நைனா. உழைச்சித் தின்னப் போறேன்."

"சரிம்மா, பிரகாஷ் வூடு பூட்டிக் கெடக்குதே. அடுப்பெரியாத வூட்டுக்கு எப்பிடி பேரு வெக்கறது?"

"வந்துடுவான். வைகாசி முடியறதுக்குள்ள அந்த வூட்ல அடுப்பெரியும். நான் சொல்றேன்."

சரி என்று விட்டுவிட்டார்கள். வைகாசி முடியும்வரை தவணை. சொல்லிவிட்டு உட்கார்ந்தபிறகுதான் யோசித்தேன். நீ வருவேன் என்று என்னிடம் எப்போது சொன்னாய்? நான் பாட்டுக்கு உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒருவேளை மூட்டை தூக்கினாலும் இதுதான் பிடித்திருக்கிறது என்று நீ எழுதிவிட்டால், என் பேச்சும் போகும், உன் பெயரும் போகும். நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று உன் கடிதம் வந்தது. "எனக்கு ஏரிதான் வேண்டும்" என்ற இடத்தைப் படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தீனா பெண்டாட்டி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

பிராங்க்ளின் விஷயம். இரண்டு தடவை படித்தேன். முதலில், இப்படியும் ஒரு கேனப் பயலா என்று கோபம் வந்தது. அப்புறம் உன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நம் ஊரில் யாரை நிறுத்தியிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னை மே கடைசியில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இனி நீ முடிவு சொல்.

அக்கா கஸ்தூரி

*

அம்பத்தூர்,
27.4.2025

அன்பு அக்காவுக்கு,

செசிலியா அக்கா கீழே நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். கூட்டம் வரும் இடத்தில் அம்பிகா என் கையிலிருந்து பிடுங்கி அவளே படித்தாள். மூட்டைகட்ட ஆரம்பித்துவிட்டாள். கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

இந்த அறையை விடவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் எங்களுக்குப் பதில் என் அக்கா வருகிறார் என்றேன். "தனியாவா?" என்று முகத்தைச் சுளித்தார். பிராங்க்ளின் வந்து, தன் தங்கை ஜெனிஃபரும் அதே பிஸ்கட் கம்பெனிதான், கூடத் தங்குவாள் என்று பேசி முடித்தார். அவருக்கு என்னைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறதாம். எனக்குக் கஷ்டமில்லை என்றேன். இன்று அது உண்மை.

எனக்காக உன் சோற்றை விட்டுக்கொடுத்தாயோ என்று முதலில் பதறினேன். பிறகு "மாலதிக்காகக் கேட்கிறேன்" என்ற கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உட்கார்ந்து செய்யும் வேலையா, நின்றா என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்கிறாய். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. மாலதி அக்கா புருஷனை வேறு அநியாயமாகச் சந்தேகப்பட்டேன்.

வருகிறோம் அக்கா.

பிரகாஷ்

*

அம்பத்தூர்,
8.6.2025

அன்புள்ள தம்பி பிரகாஷுக்கும் அம்பிகாவுக்கும்,

அக்காவின் ஆசீர்வாதம். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். வீட்டில் அடுப்பெரிகிறது, தலைவரே வந்து காபி குடித்துவிட்டுப் போனார் என்று செசிலியா அக்கா சொன்னார். முதல் முறைக்குத் தோணியைத் தள்ளும்போது நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய் என்றும் சொன்னார். கேட்டு மனசு நிறைந்தது.

வேலை கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். நாள் முழுக்க நின்று முழங்கால் வீங்குகிறது, ஜெனிஃபர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். தலையில் அந்தக் குல்லாயைப் போட்டால் எல்லோரும் ஒரே ஜாடை, முதல் நாள் வேறொருத்தியின் தோளைத் தட்டிப் பேசிவிட்டேன். தண்ணீர்க் கேன்காரனிடம் பேசி ஐந்து ரூபாயைக் குறைத்துவிட்டேன். உனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. கறிவேப்பிலையைக்கூட இங்கே சும்மா தருவதில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் கிளம்பும்போது பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார்கள். "மொத வாரம் ஊர் நெனப்பு வந்து அழுவ, அப்புறம் சரியாப்பூடும்" என்று செசிலியா அக்கா தைரியம் சொன்னார். நானும் தயாராகத்தான் இருந்தேன். முதல் ராத்திரி பாயைப் போட்டு, கைக்குட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரட்டும் என்று படுத்தேன். வரவில்லை. உன் மாமா முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவரும் சரி போ என்பதுபோலத்தான் இருந்தார். பிறகு தூங்கிப்போய்விட்டேன். ஜெனிஃபர் எழுப்பும்போது வெயில் வந்துவிட்டது. அவர் போனதற்கு அப்புறம் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கினதே இல்லை.

இதை ஊரில் சொல்லாதே, கல்நெஞ்சுக்காரி என்பார்கள். யாராவது கேட்டால், அக்கா தினமும் அழுகிறாள் என்று சொல்லிவிடு.

அம்பிகாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
கஸ்தூரி